செம்புப் பொன்னாடை

ஓர் ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளி. அதன் வேதியியல் ஆய்வகத்தில், ஒரே பொட்டலத்தில் வந்திறங்கிய இரண்டு இரும்பாணிகள் இருந்தன. பெரியதற்கு மேடை ஆசை உண்டு. சின்னதற்கு அப்படியொன்றும் இல்லை. போட்ட இடத்தில் கிடக்கும்.

ஒருநாள் பத்தாம் வகுப்புக்குச் சோதனை செய்து காட்ட மரகதவல்லி டீச்சர் இரண்டையும் எடுத்தார். உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்தார். பெரிய ஆணியின் கழுத்தில் நூலைக் கட்டினார். சின்ன ஆணியைப் பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"பார்த்தியா தம்பி, மாலை யாரு கழுத்துல விழுதுன்னு?" என்றது பெரியது.

"அது நூலுண்ணே."

"வயித்தெரிச்சல் படாதேடா."

சோதனைக்குழாயில் காப்பர் சல்பேட் கரைசல் நீலமாக நிறைந்திருந்தது. செம்பும் சல்பேட்டும் கூட்டாக நடத்தும் சங்கம் அது. செம்புகளுக்குத் தலைக்கு இரண்டு எலக்ட்ரான் குறைவு. அந்தக் குறையோடு முகம் வாடி மிதந்துகொண்டிருந்தன. சங்கத்தில் வாய் உள்ளது சல்பேட்தான்.

ஆணி உள்ளே இறங்கியதுமே சல்பேட் ஓடி வந்தது. "வாங்க, வாங்க! உங்களை மாதிரி உறுதியான தலைவரைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! உங்களுக்குப் பொன்னாடை போர்த்தணும்னு எங்க செம்புத் தம்பிங்க துடிக்கிறாங்க. உங்க ஆளுங்க ஆளுக்கு ரெண்டு எலக்ட்ரான் விட்டுக் கொடுத்தா போதும்."

"இவ்வளவுதானா?" ஆணி தன் உள்ளே திரும்பி அதட்டியது. "கொடுங்கப்பா. பெரிய மனுஷங்க கேக்கிறாங்க."

உள்ளே இரும்பு அணுக்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தன. ஓரத்தில் இருந்த ஓர் அணு தயங்கித் தயங்கிச் சொன்னது: "தலைவரே, அதைக் கொடுத்துட்டா எங்களால இங்க நிக்க முடியாது. கரைசலுக்குப் போயிடணும்."

"போங்களேன். ஆணிக்காக இதுகூடச் செய்ய மாட்டீங்களா?"

"ஆணிங்கிறதே நாங்கதானே, தலைவரே."

ஆணியின் காதில் இது விழவில்லை. விழா மேடையில் இப்படிப்பட்ட பேச்செல்லாம் யார் காதில்தான் விழுகிறது?

சடங்கு தொடங்கியது. ஒரு செம்பு வந்து இரண்டு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஆணியின் மேல் அமரும். கொடுத்த இரும்பு அணு வாசலைத் தாண்டிக் கரைசலுக்குள் போகும். சல்பேட் அதன் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நாம ஒண்ணு" என்று குழையும். முந்தின நாள் வரை செம்பிடம் அதே குழைவு குழைந்த வாய்தான்.

கொஞ்ச நேரத்தில் முடிய வேண்டிய சோதனை அது. ஆனால் மணி அடித்தது, தலைமையாசிரியர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார், மறுநாளே அரையாண்டு விடுமுறை. குழாயை எல்லோரும் மறந்தார்கள். பொன்னாடைக்கு மேல் பொன்னாடையாக விழுந்துகொண்டே இருந்தது.

"அண்ணே, நீ உள்ளுக்குள்ள இளைச்சுக்கிட்டே வர்றே!" என்று தட்டிலிருந்து கத்தியது சின்னது.

"முட்டாள், நான் தடிச்சிருக்கேன். கண்ணு தெரியல?"

"அது செம்புண்ணே. நம்ம ஆளுங்க எல்லாம் வெளிய நிக்கிறாங்க. நீலமா இருந்த தண்ணி பச்சையாவே போச்சு பாரு."

"சபையே நம்ம நிறத்துக்கு மாறிடுச்சுன்னு சொல்லு. அதுக்குப் பேருதான்டா செல்வாக்கு!"

உள்ளே மிச்சமிருந்த அணுக்கள் நெருக்கியடித்து நடுப்பகுதிக்கு ஒதுங்கின. "தலைவரே, செம்புங்க நடுவீடு வரைக்கும் வந்துட்டாங்க. இப்பவாவது போதும்னு சொல்லுங்க" என்று கெஞ்சின. தலைவர் ஏற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். ஆணியைப் பார்த்துச் சிரிக்கலாம். அந்த அணுக்களைப் பார்த்துச் சிரிக்க மனம் வரவில்லை. அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் வெளியேறின.

பள்ளி திறந்தது. டீச்சர் நூலைப் பிடித்துத் தூக்கி, பெரிய ஆணியைச் சின்னதன் பக்கத்தில் வைத்தார்.

"என்ன மாற்றம் தெரியுது?"

"பெரிய ஆணி மேல செம்பு படிஞ்சிருக்கு டீச்சர்" என்றாள் முன்வரிசை ரெஜினா.

"அது மேல. உள்ள என்ன ஆச்சுன்னு பார்ப்போமா?" டீச்சர் ஆணியைத் தண்ணீர்க் குழாயடியில் காட்டிக் கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தார். அத்தனை பொன்னாடைகளும் செம்மண்ணாக உதிர்ந்து, தொட்டித் துளை வழியே ஓடிப்போயின. மிஞ்சியது குண்டூசி அளவுக்கு ஒரு கம்பி. அதுவும் அங்கங்கே அரித்துப்போயிருந்தது.

"ஐயோ!" என்றாள் ரெஜினா.

சோதனைக்குழாயில் இரும்போடு கைகோத்து நின்ற சல்பேட் எட்டிப் பார்த்தது. "யாரு இவரு? எங்க சங்கத்துல பார்த்த மாதிரியே இல்லையே" என்றது.

சின்ன ஆணி தட்டிலிருந்து கூப்பிட்டது. "அண்ணே, அவ்வளவு பேரையும் அனுப்பிட்டியே. இப்ப உனக்குன்னு யாருண்ணே இருக்கா?"

பெரிய ஆணி மூச்சு வாங்க, இருக்கிற கொஞ்சக் குரலையும் திரட்டிக் கேட்டது:

"அதை விடுடா. பொன்னாடையோட இருந்தப்போ யாராச்சும் போட்டோ எடுத்தாங்களா?"