குண்டுமணியின் தாய்

தவமணி அம்மைக்கு முப்பத்தாறு வயது. அவருடைய சீடர் சபாநடேசனுக்கு ஐம்பத்தெட்டு. மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் இவர்களைத் தவிர, சமையல் பார்க்கும் சிவகாமு மட்டும்தான்.

சபாநடேசன் முப்பது வருஷம் நில அளவராக இருந்தவர். எதையும் அளந்து பார்த்தால்தான் அவருக்கு மனசு ஆறும்.

ஓசூரில் இருக்கும் அவர் மகள் கயல்விழி ஆசைப்பட்டு ஒரு பன்றிக்குட்டி வாங்கினாள். வளராத ரகம், நாய்க்குட்டி மாதிரி வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி விற்றிருந்தார்கள். மூன்றாம் நாளே வீட்டுச் சொந்தக்காரர் சத்தம் போட்டார். கயல்விழி அழுதாள். சபாநடேசன் குட்டியைத் துணிப்பையில் போட்டு மடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

“எவ்வளவு பெரிசாகும்?” என்று கேட்டார் அம்மை.

“ஒன்றரை அடிம்மா. அதுக்கு மேல வளராது. வாங்கப் போனப்ப நானும் கூடப் போயிருந்தேன். தாயை டேப் வச்சு அளந்தே பார்த்துட்டேன்.”

“சரி.”

குண்டுமணி என்று பெயர் வைத்தார்கள்.

நாலாம் மாதம் அது பைக்குள் நுழையவில்லை. எட்டாம் மாதம் சபாநடேசனால் தூக்க முடியவில்லை. ஒரு வயதில் ஒன்றரை அடியைத் தாண்டியது. டேப் சரியில்லையோ என்று அவர் வேறு டேப் வாங்கி வந்து அளந்தார். அதுவும் அதையே சொன்னது. அதற்குள் இரண்டு தடவை பட்டியின் கல்சுவரைத் தள்ளிக் கட்டியாகிவிட்டது. ஒருநாள் வெளியே வந்து சர்க்கரைவள்ளிப் பாத்தி முழுவதையும் கிளறிப் போட்டுவிட்டு, நடுவில் படுத்துத் தூங்கியது.

“ஒண்ணு, இது இங்க இருக்கட்டும். இல்ல, நான் இருக்கேன்” என்றாள் சிவகாமு.

சந்தைக்குப் பன்றி பிடிக்கும் மாரப்பனைக் கூட்டிவந்தார் சபாநடேசன். மாரப்பன் அதன் முதுகைத் தட்டிப் பார்த்தார்.

“வயசு தாண்டிருச்சு சாமி. ஏழெட்டு மாசத்துலயே தள்ளிவிட்டிருக்கணும். இனி வச்சிருந்தா கறி முத்திப் போகும்.”

மனசு கேட்காமல் கால்நடை டாக்டரிடமும் காட்டினார். டாக்டர் பல்லைப் பார்த்தார். சிரித்தார்.

“இது பச்சைப் புள்ளைங்க. மூணு வயசு வரைக்கும் வளரும். நல்லாப் பார்த்துக்கிட்டா பதினஞ்சு வருஷம் இருக்கும்.”

“ரகம் என்ன சார்?”

“சின்ன ரகம் கொஞ்சம், வெள்ளைப் பன்றி கொஞ்சம், நம்ம நாட்டுப் பன்றி கொஞ்சம். எது எவ்வளவுங்கறது வளர்ந்து முடிச்சாத்தான் தெரியும்.”

சபாநடேசனுக்குத் தலை சுற்றியது. ஒருவர் வயசு தாண்டிவிட்டது என்கிறார். இன்னொருவர் பச்சைப் பிள்ளை என்கிறார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே பன்றியைத்தான்.

“அம்மா, இதை வச்சுக்கறதா, குடுத்துடறதா?”

“என்ன தெரிஞ்சா உங்களால முடிவு பண்ண முடியும்?”

“இது கடைசியா எவ்வளவு வரும்னு தெரிஞ்சாப் போதும்.”

“அப்ப இன்னொரு வாட்டி தாயைப் போய்ப் பாருங்க.”

அவர் ஓசூருக்கு பஸ் ஏறினார். குட்டியை விற்ற ஜெயசீலன் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு நான் அளந்தேனே, அந்தத் தாய் எங்க?”

“இதோ நிக்குதே சார்.”

சபாநடேசன் நம்பவில்லை. அது அவர் இடுப்பு உயரம் இருந்தது. இடது காதில் ஒரு கிழிசல். அன்றைக்குப் பார்த்த தாய்க்கும் அதே காதில் அதே கிழிசல் இருந்தது அவருக்கு நன்றாக ஞாபகம்.

“எப்படிய்யா?”

“நீங்க அளந்தப்ப அதுக்கு ஒரு வயசுகூட ஆகலை சார். முதல் ஈத்து.”

“தாய்னு சொன்னியே!”

“தாய்தானே சார். குட்டி பால் குடிச்சதை நீங்களே பார்த்தீங்களே.”

சபாநடேசன் திட்ட வாயெடுத்தார். எதைச் சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. திரும்பி நடந்தார்.

மடத்துக்கு வந்தபோது அம்மை மூன்றாவது தடவையாகப் பட்டிச் சுவரைப் பிரித்துக்கொண்டிருந்தார். சேலையெல்லாம் சேறு. குண்டுமணி பக்கத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

“வச்சுக்கலாமான்னே இன்னும் முடிவு பண்ணலையே அம்மா?”

“மேகம் கறுக்குது ஐயா. எத்தனை நாள் இருந்தாலும் அதுக்குக் காலை நீட்டிப் படுக்க இடம் வேணும்ல.”

அவர் ஓசூரில் நடந்ததைச் சொன்னார். அம்மை கல்லைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“முழுசா வளர்ந்ததுன்னு எதை வச்சு நெனச்சீங்க?”

“குட்டி போட்டிருந்துச்சே. பால் குடுத்துச்சே. அதுவே இன்னும் குட்டின்னு நான் எப்படிம்மா நெனப்பேன்?”

அம்மை ஒரு பெரிய கல்லை ஒரு பக்கம் பிடித்தார்.

சபாநடேசன் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். அதை மறுபக்கம் பிடித்துத் தூக்கினார்.

“வச்சுக்கலாம்மா. சிவகாமுகிட்ட நான் பேசிக்கறேன்.”

“பதினஞ்சு வருஷம்.”

“இருக்கட்டும். எனக்கு முடியாமப் போனா நீங்க இருக்கீங்க.”

இருவரும் கல்லை இரண்டு முழம் தள்ளி வைத்தார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது. அம்மைக்கு வாங்கவில்லை. சபாநடேசன் அம்மையின் முகத்தைப் பார்த்தார். எதற்கும் பதறாத முகம். இங்கே வந்த இரண்டு வருஷமாகக் கேட்கக் கூச்சப்பட்ட ஒன்று அப்போது தானாக வாயில் வந்தது.

“நான் எப்பம்மா உங்க அளவுக்கு வருவேன்?”

அம்மை அடுத்த கல்லுக்குக் குனிந்தார்.

“என்னை எப்ப அளந்தீங்க ஐயா?”