தக்கை மரத்தின் சட்டை

அந்தக் காலத்தில் மரங்களுக்குக் கால் இருந்தது, மழைக்கு வாய் இருந்தது, வழக்கு என்று வந்தால் பறவைகளைக் கூப்பிட்டு நியாயம் கேட்கும் பழக்கமும் இருந்தது. ஐரோப்பாவின் மேற்குக் கோடியில், அதற்கு அப்பால் கடலைத் தவிர ஒன்றுமில்லை என்கிற இடத்தில், போர்ச்சுகல் நாடு இருந்தது. இன்று அங்கே போகிறவர்கள் வடக்கே ஒரு நாட்டையும் தெற்கே வேறொரு நாட்டையும் பார்த்துவிட்டு வந்ததுபோல் பேசுகிறார்கள். அன்று அப்படி இல்லை. எல்லாம் எல்லா இடத்திலும் இருந்தது. தொல்லையே அதுதான்.

மழை, பனி, கடல்காற்று, வெயில் என்று உடன்பிறந்தவர்கள் நால்வர். நால்வருக்கும் வீடு வாசல் கிடையாது. நாடு முழுக்க இஷ்டத்துக்குச் சுற்றினார்கள். திராட்சை பூக்கிற நேரம் பார்த்துப் பனி வந்து படுத்துக்கொள்ளும். மீனவன் வலையைக் காயப்போட்டால் மழை வந்து அதன்மேல் உட்காரும். கம்பளியை வளர்ப்பதா உதிர்ப்பதா என்று தெரியாமல் ஆடுகள் திண்டாடின. ஒரே நாளில் நால்வரும் ஒரே ஊருக்கு வந்துவிட்டால் பெரிய ரகளைதான்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. சண்டை முற்றிப்போய், பாகம் பிரித்துக்கொள்வது என்று நால்வரும் முடிவுக்கு வந்தார்கள். பங்கு வைத்துக் கொடுக்கச் செங்கால் நாரையைக் கூப்பிட்டார்கள். நாட்டை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தது நாரை மட்டும்தான். யார் பக்கமும் சாயாது என்ற பேரும் அதற்கு உண்டு. நாரைக்கு அதில் கொஞ்சம் பெருமை. வேண்டியதற்கு மேல் நிமிர்ந்து நடந்து வந்தது.

மூத்தவள் மழை. வடமேற்கை அவள் கேட்டு வாங்கினாள். அவள் குடியேறிய பிறகு அங்கே பச்சை பிடிக்காத இடமே இல்லாமல் போயிற்று. கல்சுவரில் பாசி ஏறியது, வேலியில் கொடி ஏறியது. அந்த இடம்தான் மிஞ்ஞு. மழைக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும், அவள் கையில் நனையாமலும் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்ட திராட்சை, கிழக்கே தள்ளி டோரு ஆற்றின் சரிவுகளில் படி படியாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

அடுத்தவள் பனி. நாட்டின் நடுவே இருந்த மலை அவளுக்குப் போயிற்று. நட்சத்திரத்துக்குக் கை எட்டும் உயரம் என்பதால் அதற்கு நட்சத்திர மலை என்று பேர். ஆடுகள் நிம்மதியாகக் கம்பளி வளர்த்துக்கொண்டு அவள் பின்னால் ஏறின. ஆடு போன இடத்துக்கு நாயும், நாய் போன இடத்துக்கு இடையனும், இடையனோடு பாலாடைக்கட்டியும் போய்ச் சேர்ந்தன.

கடல்காற்று தெற்குக் கரையைக் கேட்டான். கை சும்மா இருக்காத ஆள். அல்கார்வ் என்கிற அந்தக் கரையில் பொன்னிறப் பாறைகளைக் குடைந்து குகையும் வளைவுமாகச் செய்து வைத்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கடைக்குட்டி வெயிலுக்கு என்ன இருக்கிறது? நாரை ஒரு வட்டம் அடித்துப் பார்த்தது. மலைக்குத் தெற்கே, கரைக்கு வடக்கே, மண் நிறத்தில் பெரிய சமவெளி கிடந்தது.

"இது வெறும் வெளி. யாரும் இல்லை. இது உனக்கு" என்றது நாரை.

வெயில் மறுபேச்சுப் பேசவில்லை. நல்ல பிள்ளைதான். ஆனால் போன இடத்தில் பாய் விரித்துப் படுத்தால் எழுந்திருக்க மாட்டான். அப்படியே படுத்தான்.

அந்த வெறும் வெளியில் ஒரு குடிசை இருந்தது. மண் சுவர், மண் கூரை. உயரத்திலிருந்து பார்த்த நாரைக்கு அது மண்ணாகவே தெரிந்துவிட்டது. குடிசையில் மார்ட்டிம் என்று ஓர் உழவனும் அவன் மனைவி லியோனோரும் இருந்தார்கள். லியோனோருக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. இனெஸ் என்று பேர் வைத்திருந்தார்கள்.

வெயில் குடியேறிய பிறகு சுவர் அடுப்புக்கல்லாகிவிட்டது. ராத்திரியிலும் சூடு இறங்கவில்லை. குழந்தை முதலில் வீறிட்டு அழுதது. பிறகு முனகியது. பிறகு அதுவும் இல்லை; உதடு வெடித்து, பால் குடிக்க வாய் திறக்காமல் கிடந்தது. தூக்கிக்கொண்டு எங்கேயாவது போய்விடலாம் என்றால், வழியில் ஒதுங்கி நிற்க ஒரு கையகல நிழல் இல்லை.

அந்தப் பக்கமாகப் பறந்த நாரை, தன் நிழலுக்குள் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடி வருவதைப் பார்த்தது. நாரை நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். என்ன இது என்று கீழே இறங்கியது.

"பங்கு வெச்சது நீதானே?" என்றாள் லியோனோர்.

"ஆமாம்மா. இங்க யாரும் இருக்கிற மாதிரி தெரியலையே."

"தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமா? இறங்கி வந்து பாத்தியா?"

நாரை கழுத்தை நீட்டிக் குழந்தையைப் பார்த்தது. அதுவும் குஞ்சு வளர்த்த பறவைதான்.

வெயிலிடமே முதலில் போய்க் கேட்டது. "நான் எங்க போறது? குடுத்தது நீ" என்றான் அவன். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

மழையிடம் போயிற்று. மழை மிஞ்ஞுவில் சோளக்கொல்லைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். "பிரிச்சுக் குடுத்த கையோட தம்பி வாசல்ல போய் நின்னா மரியாதையா இருக்குமா? நாளைக்கு அவன் என் வாசலுக்கு வருவான். இந்தக் கொல்லை என்ன ஆகும்?" என்றாள். கடல்காற்று பெரிய மனது பண்ணி ஒரு மூச்சு ஊதி அனுப்பினான். அது சமவெளியைப் பாதி கடப்பதற்குள் சூடாகி, குடிசைக்குப் போகாமல் இருந்தாலே நல்லது என்கிற நிலைக்கு வந்துவிட்டது.

பனி மட்டும் ஒரு வழி சொன்னாள். "நான் வந்தா வழியிலயே கரைஞ்சிடுவேன். ஆனா என் கொல்லையில ஓர் ஓக் மரம் இருக்கு. நாள் பூரா குளிருது குளிருதுன்னு ஒரே புலம்பல். அதைக் கேட்டுப் பாரு."

அந்த ஓக் மரம் குளிருக்குப் பயந்து பட்டைமேல் பட்டையாகப் போட்டுக்கொண்ட மரம். மற்ற மரங்கள் மெல்லிய பட்டையோடு நிற்க, இது மட்டும் ஒன்பது சட்டை போட்ட கிழவன்போல் உப்பி நிற்கும். ஊர்ச் சிரிப்பெல்லாம் அதன்மேல்தான்.

நாரை சொன்னதைக் கேட்டதும், "அங்க வெயில் நிசமாவே ஜாஸ்தியா?" என்றது மரம்.

"கல் உருகுது."

"அப்ப வரேன்."

தியாகம் என்று சொல்ல முடியாது. அதற்கு வெயில் வேண்டும், கிளம்பிவிட்டது. மலையிலிருந்து இறங்கிச் சமவெளி முழுக்க நடந்தது. நடந்த வழியெல்லாம் அதன் கொட்டைகள் சிந்தின. கறுப்புப் பன்றிகள் பின்னாலேயே பொறுக்கித் தின்றுகொண்டு வந்தன. தின்றது போக மிச்சம் முளைத்தது.

குடிசை வாசலில் வந்து மரம் கிளை விரித்து நின்றது. அந்த வெளிக்கு வந்த முதல் நிழல் அது. லியோனோர் குழந்தையோடு ஓடிவந்து அடிமரத்தில் சாய்ந்தாள். நிழல் இருந்தது. ஆனாலும் சுற்றிலும் இருந்த அனல் நிழலுக்குள்ளும் வந்தது. குழந்தை கண் திறக்கவில்லை.

சாய்ந்திருந்த லியோனோரின் கை, பட்டையின் ஒரு வெடிப்புக்குள் போயிற்று. உள்ளே சில்லென்று இருந்தது. வெளிப்பக்கம் தொட முடியாத சூடு, உள்பக்கம் ஆற்றுக் கூழாங்கல். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் எப்படிக் கேட்பது?

"மரமே, உன் சட்டையைக் குடுப்பியா? குழந்தையைச் சுத்தி வெச்சா சூடு அண்டாது."

"தோலை உரிச்ச மரம் எதுவும் பிழைச்சதா நான் கேள்விப்பட்டதில்லை" என்றது மரம்.

"நானும் கேள்விப்பட்டதில்லை" என்றாள் லியோனோர். அவள் பொய் சொல்லவில்லை. மரத்துக்கு அது பிடித்திருந்தது.

"குழந்தை என்ன பண்ணுது?"

"மூச்சு மட்டும்தான் இருக்கு."

"சீக்கிரம் பண்ணு. நான் மனசு மாறிடப் போறேன்."

மார்ட்டிம் கோடாலியோடு வந்தான். பாவம், விறகு பிளந்து பழகிய கை, ஓங்கினான். லியோனோர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சட்டையைத்தான் கேட்டிருக்கோம். உசிரைக் கேக்கலை. கொன்னுடாதே!" என்று கத்தினாள். மார்ட்டிம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பட்டை பிளக்கும் அளவுக்கு மட்டும் ஒரு கோடு வெட்டினான். பிறகு கோடாலியைத் திருப்பிப் பிடித்து, காம்பின் முனையை அந்தப் பிளவில் நுழைத்து மெல்ல நெம்பினான். புதுத் துணி கிழிகிற சத்தத்தோடு பட்டை முழுசாகக் கழன்று வந்தது.

அதைக் கூரையில் போட்டார்கள், சுவரில் சாத்தினார்கள், வளைவாக வந்த துண்டைத் தொட்டிலாக்கிக் குழந்தையைக் கிடத்தினார்கள். பொழுது சாயும்போது இனெஸ் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்று ஊரைக் கூட்டினாள். லியோனோர் பால் கொடுத்துக்கொண்டே அழுதாள். இத்தனை நாளும் அவளுக்கு அழக்கூட வரவில்லை.

வெளியே மரம் அம்மணமாக நின்றது. கூச்சத்தில் அடிமரம் முழுக்கச் சிவந்துவிட்டது. இலையெல்லாம் சுருண்டது. லியோனோர் காலையும் மாலையும் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றி, "இருக்கியா?" என்று கேட்பாள். பதில் வராது. பட்டினியாகக் கிடப்பவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் அவளுக்குக் குற்ற உணர்ச்சி. ஒரு நாள் காலையில்தான் மரம் வாய் திறந்தது. "இருக்கேன்" என்றது.

"இனிமே நீயா சொல்றவரைக்கும் உன்னைத் தொடமாட்டோம்" என்றாள் லியோனோர்.

"இங்கதான் குளிரே இல்லையே. சட்டை மெதுவாத்தான் வளரும்" என்றது மரம். "உன் பொண்ணு யாரும் தூக்கிவிடாம என் கிளையில ஏறி உக்காரட்டும். அப்பக் கேளு."

மறு கோடையில் சோதனை வந்தது. டோரு கரையிலிருந்து திராட்சை வைத்தவன் ஒருவன் வந்தான். கந்தலால் அடைத்து வைத்த மதுவெல்லாம் புளித்துப்போகிறது, பட்டை இருந்தால் நன்றாக அடைக்கலாம் என்று கெஞ்சினான். மார்ட்டிமின் கூரையிலும் ஒரு பக்கம் ஓட்டை. அவன் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனான். "கொஞ்சம்தானே. வளர்ந்துடுச்சு பாரு" என்றான். மரம் இலைகளைச் சுருட்டிக்கொண்டது.

லியோனோர் அப்போது குடிசைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு இனிமேலாவது இங்கே ஒரு வீடு இருப்பது தெரியட்டும் என்றுதான். வாளியோடு ஓடிவந்தாள். மரத்தை உரித்த ஆண்டின் எண்ணைச் சிவந்த அடிமரத்தில் பெரிதாக எழுதினாள்.

"இதுதான் நாம சொன்ன வாக்கு. இதுமேல வெட்ட மனசு வந்தா வெட்டு."

மார்ட்டிம் எண்ணைப் பார்த்தான். அது மகள் பிறந்த ஆண்டு. கோடாலியைக் கீழே போட்டுவிட்டுக் கூரை அடைக்க மண் பிசையப் போனான். வடக்கத்தியான் வெறுங்கையோடு திரும்பி, மேலும் பல ஆண்டு புளித்த மதுவையே குடித்தான்.

ஒன்பது வயதில் ஒரு நாள் இனெஸ், யாரும் தூக்கிவிடாமல், முட்டியைச் சிராய்த்துக்கொண்டு கிளையில் ஏறி உட்கார்ந்தாள். அதற்குள் மரத்தின் கால்கள் மண்ணில் இறங்கி வேராகியிருந்தன, குரலும் தேய்ந்திருந்தது. கீழே லியோனோர் நின்றாள். நிழல் வந்த பிறகு அந்த வெளியில் பலர் குடியேறியிருந்தார்கள்; எத்தனையோ வீட்டில் கைக்குழந்தைகள், எத்தனையோ கூரைகளில் ஓட்டை. இருந்தாலும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. இனெஸ்தான் அடிமரத்தில் கன்னத்தை வைத்து, "சட்டை தரியா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கோ" என்றது மரம். அது பேசிய கடைசிச் சொல் அதுதான். பிறகு எந்த மரமும் பேசியதாகத் தெரியவில்லை.

நாரை அதன்பிறகு யாருக்கும் பங்கு வைக்கவில்லை. அந்தச் சமவெளியின் பேர் அலென்தேஜு. அங்கே வெள்ளையடித்த வீடுகளின் புகைபோக்கிமேல், கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரிகிற உயரத்தில் மட்டும் நாரை கூடு கட்டுகிறது. அந்த மரத்தின் பட்டைக்குத் தக்கை என்று பேர்; வடக்கின் மதுப்புட்டிக்குத் தெற்கின் தக்கைதான் வாய் அடைக்கிறது.

மரத்திடம் கேட்க வழியில்லை. கேட்டாலும் அது மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆகவே அன்று முதல்தான், அந்த ஊர்க்காரர்கள் தக்கை மரத்தை உரித்த கையோடு அதன் சிவந்த உடம்பில் வெள்ளையால் ஆண்டின் எண்ணை எழுதிவிட்டு, ஒரு குழந்தை மரம் ஏறும் வயதுக்கு வளர எவ்வளவு காலம் ஆகுமோ அவ்வளவு காலம், கோடாலியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.