தேநீர் வண்டியும் கைப்பட்டையும்

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு 212 காலடிகள்தான் காட்டியது சகாயமேரியின் கைப்பட்டை. ஒரகடத்துக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் காலையிலிருந்து தேநீர் வண்டி தள்ளியவள் அவள். ஊழியர் நலத் திட்டம் என்று எல்லோர் மணிக்கட்டிலும் பட்டை மாட்டியிருந்தார்கள். நாளுக்கு ஐயாயிரம் தாண்டாதவர்கள் திங்கள் முதல் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து மைதானத்தைச் சுற்ற வேண்டும். அவள் ஊரிலிருந்து அந்நேரத்துக்குப் பேருந்து கிடையாது. வேலையை விட வேண்டியதுதான்.

மனிதவள மேலாளர் ரகோத்தமன் மாரத்தான் ஓடுகிறவர். "என்னம்மா, நாற்காலியிலேயே குடித்தனமா?" என்றார், பத்துப் பேர் முன்னால்.

பட்டையின் குணம் சகாயமேரிக்கு முதல் நாளே தெரியும். தம்ளர் கழுவினால் எண் ஏறும். வண்டியைப் பிடித்தால் தூங்கிவிடும்.

"எனக்கு நடக்கத் தெரியல போல சார். நீங்க ஒரு ரவுண்டு தள்ளிக் காட்டுங்க, பார்த்துக் கத்துக்கறேன்."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரகோத்தமன் டையைத் தளர்த்தினார். தேநீர் சிந்தாமலிருக்க வண்டியை இரு கைகளாலும் இறுகப் பிடித்துத் தள்ளினார். கூடவே வந்து சகாயமேரி ஊற்றிக் கொடுத்தாள். நான்கு கூடங்களையும் சுற்றி, வியர்த்து வந்து நின்றபோது அவர் பட்டையோடு இணைத்திருந்த செல்போன் சட்டைப்பையிலிருந்து இனிய குரலில் பேசியது: "நீங்கள் ஒரு மணி நேரமாக உட்கார்ந்தே இருக்கிறீர்கள். எழுந்து கொஞ்சம் நடங்கள்."

"எங்கிட்டயும் தினம் இதையேதான் சார் சொல்லுது" என்றபடி அவருக்கும் ஒரு தம்ளர் நீட்டினாள் சகாயமேரி.

திங்கள் முதல் வண்டி தள்ளுகிறவர்கள் பட்டையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டார்கள். மார்ச் 31ஆம் தேதி அறிவிப்புப் பலகையில் அதிகம் நடந்தவர்கள் பட்டியல் வந்தது. முதல் பெயர் சகாயமேரி. ரகோத்தமன் ஆறாவது.