வாசலில் விசிறும் தேனீ

அந்தக் காலத்தில் தேனீ பேசும். அது பேசினால் மனிதனுக்கும் புரியும். வானத்தைத் தொடக் கோபுரம் கட்டப் போய், கடவுளின் கோபத்தால் மனிதர்களுக்குள்தான் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் போயிற்று. தேனீக்களா கோபுரம் கட்டின? அவற்றின் பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்போது அவற்றின் சிறகுக்குப் பறப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது.

அந்தக் குழப்பத்திலிருந்து தப்பி, கடவுள் காட்டிய புதுக்கரைக்குப் புறப்பட்டது யாரேத் என்பவனின் கூட்டம். யாரேதின் சகோதரனுக்கு மூத்த மகன் பாகாக். அவர்கள் ஏறிய மரக்கலங்கள் மூடிய பெட்டி போல இருக்கும். உள்ளே வெளிச்சத்துக்குக் கடவுள் தொட்ட கற்கள் ஒளிர்ந்தன. காற்றுக்குக் கூரையில் ஒரு துவாரம். கடல் அடங்கினால் திறக்கலாம், அலை வந்தால் அடைத்துவிட வேண்டும்.

பாகாக்கின் கலத்தில்தான் தேனீக்கள் வந்தன. மண்ஜாடியில் கூட்டை வைத்து, வாயில் துணி கட்டியிருந்தான். கரை சேரும் வரை திறக்காதே, இவை போனால் அங்கே தேனே கிடையாது என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளை அவன். கொஞ்சம் அதிகமாகவே தட்டாதவன். சற்று வெளியே விடச் சொல்லி ராணித்தேனீ கெஞ்சியபோதெல்லாம், உங்களால் எங்களுக்கு ஆவது தேன் ஒன்றுதான், பேசாமல் இருங்கள் என்று அதட்டிவிட்டான்.

நடுக்கடலில் புயல் பிடித்துக்கொண்டது. அலைமேல் அலை. துவாரத்தைத் திறந்து ஒரு மூச்சு இழுப்பதற்குள் அடைக்க வேண்டியிருந்தது. உள்ளே காற்று கனத்துப் போயிற்று. ஆடுகள் வாயைப் பிளந்தபடி சாய்ந்தன. பாகாக்கின் மனைவி சில்லா, கைக்குழந்தை மில்காவை மடியில் போட்டு முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். குழந்தையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கடைசியில் சில்லாவின் கை ஓய்ந்து விழுந்தது.

அப்போது ஜாடிக்குள்ளிருந்து ராணித்தேனீ பேசியது.

"ஐயா, உன் மனைவியின் கை ஓய்ந்துவிட்டது. எங்களுக்குக் கை இல்லை, சிறகு இருக்கிறது. துவாரத்தருகே எங்களை விடு."

பாகாக் தயங்கினான். பயத்தில் கொட்டிவிட்டால்? துவாரம் வழியே பறந்தே போய்விட்டால்? அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

"இன்னும் என்ன யோசனை?" என்றாள் சில்லா. "தேன் இல்லாமல் இருந்துவிடலாங்க."

அவன் ஜாடியின் கட்டை அறுத்துத் துணியை உருவினான்.

ஒரு தேனீகூடக் கொட்டவில்லை. துவாரத்தின் விளிம்பைச் சுற்றி வரிசையாகக் கால் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, நின்ற இடத்திலேயே சிறகடித்தன. அலைக்கும் அலைக்கும் நடுவே கிடைத்த அந்தச் சிறு நேரத்தில் கெட்ட காற்றை வெளியே தள்ளின, நல்ல காற்று உள்ளே பாய்ந்தது. பாகாக் அடைப்பதற்குள் முந்திக்கொண்ட அலை, விளிம்பில் நின்றவற்றில் சிலவற்றை வாரிக்கொண்டு போயிற்று. பாவம், போனவை போனவைதான். மறுபடி திறந்தபோது, அவை நின்ற இடத்தில் வேறு தேனீக்கள் போய் நின்றன. பாகாக் அதைப் பார்த்து அழுதான்.

மில்கா வீறிட்டாள். அந்த அழுகையைக் கேட்டு எல்லாருக்கும் உயிர் வந்தது.

கரை சேர்ந்ததும் பாகாக் திறந்த ஜாடியோடு அப்பா முன்னால் போய் நின்றான். அவர் ஜாடியைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். பாகாக் தேனீக்களை ஒரு மரப்பொந்தில் குடிவைத்தான், மூடி போடாமல். பின்னால் ஜனங்கள் திரண்டு வந்து நீதான் எங்களுக்கு ராஜா என்றபோதும் அவன் ஒப்பவில்லை. ஒரு கூட்டத்தை அடைத்து வைத்தது போதும் என்று சொல்லிவிட்டான்.

அன்று முதல்தான் தேனீக்கள் கூட்டு வாசலில் தலையைத் தாழ்த்தி நின்று சிறகால் விசிறிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே ஒரு பிள்ளை மூச்சுக்குக் காத்திருக்கிறது என்பதை அவை இன்னும் மறக்கவில்லை.