பாணனின் முறை

தூத்துக்குடியில் பிலோமினா என்ற பெண் மேசை விளையாட்டுகளை உருவாக்கிவந்தார். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, எல்லோருமாக ஒரு கதைக்குள் நடந்துபோகும் விளையாட்டுகள்.

சிதம்பரநாதன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கப்பல் ஏஜென்சியில் வேலை. மாலைகளில் வந்து பிலோமினாவிடம் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டிருந்தார். அவர் பிலோமினாவை டீச்சர் என்பார். பிலோமினா அவரை அண்ணாச்சி என்பார்.

சிதம்பரநாதனின் முதல் விளையாட்டு முடியும் தறுவாயில் இருந்தது. வீரர் தயார். மந்திரவாதி தயார். ஊர் ஊராகப் பாடித் திரியும் பாணன்தான் சரியாக அமையவில்லை.

"பாணனை யாருமே எடுக்க மாட்டேங்கிறாங்க, டீச்சர்."

"அவன்கிட்ட என்ன இருக்கு?"

"யாழை மீட்டினா எதிரி தூங்கிருவான். பாடினா காயம் ஆறும்."

"நல்லாத்தானே இருக்கு?"

"தூங்க வைக்கிறதுக்கு மந்திரவாதியே போதும்கிறாங்க. சரின்னு சக்தியைக் கூட்டிக் கொடுத்தா, எல்லாத்தையும் அவனே முடிச்சிருதான். மத்தவங்க கொட்டாவி விடுறாங்க. அவனுக்கு என்ன சக்திதான் கொடுக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க."



"ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்குல்ல? பாணனை எனக்குக் கொடுங்க. சக்தியெல்லாம் எடுத்துட்டுக் கொடுங்க."

"வெறும் பாணனா? முதல் சண்டையிலேயே செத்துப்போவான்."

"போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரநாதன் வீட்டு மாடி அறையில் கூடினார்கள். இசக்கிராஜ் மந்திரவாதி. முபீனா வீரர். முபீனா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஆட்டத்தில் அவள் சொல்வது பெரும்பாலும் ஒரே வார்த்தை. "வெட்டுறேன்."

அன்று மாடிப்படியிலேயே சிதம்பரநாதனை நிறுத்திச் சொல்லிவிட்டாள்.

"சார், இன்னையோட நின்னுக்கிறேன். எனக்கு இதெல்லாம் வரல. இசக்கி மாதிரி பேசத் தெரியல."

"இன்னைக்கு ஆடிரு, பார்ப்போம்" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. சிதம்பரநாதன் கதையைச் சொல்லி நடத்தினார். வெள்ளத்தில் ஊரை இழந்த மக்களை மலைக்கு அப்பால் கொண்டு சேர்க்க வேண்டும். வழியில் ஓநாய்கள் பாய்ந்தன.

"வெட்டுறேன்" என்றாள் முபீனா. பகடை நன்றாக விழுந்தது. ஓநாய் சாய்ந்தது.

அடுத்தது பாணனின் முறை. பிலோமினா பகடையைத் தொடவில்லை. முபீனாவின் பக்கம் திரும்பினார்.

"வீரரே, அடுத்த ஊர்ல நான் இதைப் பாடணும். எப்படி வெட்டினீங்க?"

"எப்படின்னா... வாளாலதான்."

இசக்கிராஜ் சிரித்தான். பிலோமினா சிரிக்கவில்லை. "எந்தக் கையால?"

முபீனா தன் கைகளைப் பார்த்தாள்.

"இடது கை."

"ஏன்?"

"வலது கையைத் தூக்க முடியாது. பழைய காயம்." அவள் வலது தோளைத் தடவிக்கொண்டாள். "தம்பியோட வாள் பழகும்போது பட்டது. சரியாயிடுச்சுன்னு அவன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

இசக்கிராஜ் கையிலிருந்த போனைக் கீழே வைத்தான்.

"இந்தத் தம்பி இப்ப எங்க இருக்கான்?" என்று அவனே கேட்டான்.

"நமக்கு முன்னாடி நடந்து போறாங்கல்ல, அந்தக் கூட்டத்துல."

விளையாட்டில் அப்படியொரு தம்பியை சிதம்பரநாதன் வைக்கவில்லை. வைத்துக்கொண்டார்.

மாலையில் கயிற்றுப் பாலத்துக்கு வந்தார்கள். மக்களில் பாதிப் பேர்தான் கடந்திருந்தார்கள். பின்னால் பூதப்படை துரத்திவந்தது.

"முபீனா, என்ன செய்றே?" என்று கேட்டார் சிதம்பரநாதன்.



"எல்லாரும் போங்க. நான் இங்க நிக்கிறேன்."

"செத்துருவ" என்றான் இசக்கிராஜ்.

"தெரியும். ஜனங்க கடக்கட்டும். கடைசி ஆள் கடந்ததும் நான் பாலத்தை வெட்டிருவேன்." பிறகு பிலோமினாவைப் பார்த்தாள். "அக்கா, என் தம்பி கேட்டா, ரெண்டு கையாலயும் சண்டை போட்டேன்னு பாடுங்க."

"பாடுறேன்" என்றார் பிலோமினா.

பகடை உருண்டது. பூதங்கள் நெருங்கின. மீண்டும் உருண்டது. கடைசி ஆள் கடந்தபோது பாலம் அறுந்து விழுந்தது. இசக்கிராஜ் கண்ணைத் துடைத்துவிட்டு, மின்விசிறித் தூசு என்றான்.

கிளம்பும்போது முபீனா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"சார், என் வீரர் செத்தாச்சு. அடுத்த வாரம் நான் புது ஆளா வரலாம்ல?"

எல்லோரும் போன பிறகு சிதம்பரநாதன் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

"டீச்சர், என் கேள்விக்கு நீங்க பதில் சொல்லலயே."

"இன்னைக்கு ஆட்டத்துல என்ன நடந்தது? சொல்லுங்க."

அவர் சொல்லத் தொடங்கினார். இடது கை வீச்சைக் கையை வீசியே காட்டினார். தம்பியைப் பற்றிச் சொன்னார். மந்திரவாதி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பாலத்தைக் கடந்ததைச் சொன்னார். பாலம் அறுந்த இடத்தைச் சொல்லும்போது எழுந்தே நின்றுவிட்டார். டீயில் ஆடை படிந்துவிட்டது.

பிலோமினா முழுவதையும் கேட்டார்.

"பாணன் என்ன செஞ்சான்?"

"பாணனா?"

சிதம்பரநாதன் யோசித்தார். "முபீனாகிட்ட எந்தக் கையாலன்னு கேட்டான். வேற ஒண்ணும் செய்யலயே."

"அப்போ நல்லாத்தான் ஆடியிருக்கேன்" என்றார் பிலோமினா.