பழைய ஸ்பிரிங்

"என்னைக்குத்தான் அம்மிணி என் கையால ஒரு வண்டிய வெளிய அனுப்ப விடுவீங்க?"

நாச்சிமுத்து இப்படிக் கேட்பது முதல் தடவை அல்ல. லாரி இன்ஜினைப் பிரித்து மாட்டியே தலை நரைத்த மனிதர். வேகக் கார்களின் வேலையையும் படித்துவிட வேண்டும் என்று கோயமுத்தூரில் தாரணியின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்திருந்தார். தாரணிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். கழுவ விட்டாள், துடைக்க விட்டாள், பிரிக்க விட்டாள். ஒரு வண்டிச் சாவியை மட்டும் அவர் கையால் கொடுக்க விடவில்லை. மனுசனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

தாரணி, இன்ஜின் வால்வுகளைத் திறந்துவிடும் கேம் ஷாஃப்ட் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கு அனுப்புங்ண்ணா."

அவ்வளவுதான். அவருக்கு நம்பவே முடியவில்லை.

அவள் சொன்னது பிரணேஷ் என்ற வாடிக்கையாளரின் சிவப்புக் காரை. தினமும் ஆபீசுக்குப் போய்வரும் சின்னக் கார்தான். ஆனால் மிதித்தால் பறக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதற்காகத்தான் இந்தப் புதுக் கேம். பழையதைவிட மேடு கூடியது, வால்வை இன்னும் ஆழமாய் அழுத்தித் திறக்கும்.

கேமை மாற்றினால் வால்வு ஸ்பிரிங்கையும் மாற்றியாக வேண்டும் என்று தாரணி சொல்லியிருந்தாள். வால்வைத் திறப்பது கேம். அதைத் திரும்ப இழுத்து மூடுவது ஸ்பிரிங். வேகம் ஏறும்போது ஸ்பிரிங் அசந்துவிட்டால் வால்வு மூடாமல் தொங்கும், பிஸ்டன் மேலே வந்து முட்டும், இன்ஜின் அங்கேயே முடிந்தது. புது ஸ்பிரிங் காலையில் பார்சலில் வரும், அதைப் போடாமல் மூடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்குக்குக் கிளம்பிப் போனாள்.

பார்சல் வரவில்லை. பிரணேஷ் வந்துவிட்டான்.

கோத்தகிரியில் மச்சினனுக்கு நிச்சயம், மனைவியும் கைக்குழந்தையும் கிளம்பி உட்கார்ந்திருக்கிறார்கள், வண்டி இல்லாமல் போக மாட்டேன் என்று பக்கத்திலேயே நின்றான்.

நாச்சிமுத்து பழைய ஸ்பிரிங்கை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விறைப்பாகத்தான் இருந்தது. லாரியில் இது ஆயுசுக்கும் ஓடும், இந்த ரேஸ்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். லாரி இன்ஜின் நடக்கிற இன்ஜின், இது ஓடுகிற இன்ஜின் என்பது அவர் விரலுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதோடு, இன்றைக்கு விட்டால் அந்தச் சாவி இனி எப்போது கைக்கு வருமோ என்ற பயமும் இருந்தது.

பழையதையே போட்டு மூடிவிட்டார்.

வண்டியை ஸ்டார்ட் செய்தார். சத்தம் அப்படி ஒரு அழகு. சாவியைத் தன் கையாலேயே கொடுத்தார். ரெண்டு நாளைக்கு மெதுவாக ஓட்டுங்கள் தம்பி என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

மத்தியானம் தாரணியும் பார்சலும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். வாசலில் கூரியர்காரனிடம் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவள், வண்டி நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"மெதுவா ஓட்டச் சொல்லித்தான் அம்மிணி அனுப்பிச்சேன்." அவள் எதையும் கேட்கவில்லை. அவராகவேதான் சொன்னார்.

"மெதுவா ஓட்டவா அவரு கேம் மாத்துனாரு?"

நாச்சிமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மலை ரோடு. பக்கத்தில் மனைவி. மடியில் குழந்தை. இந்நேரம் மேட்டுப்பாளையம் போயிருப்பார்கள். நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள் அம்மிணி, நீங்கள் சொன்னால் கேட்பான் என்று கெஞ்சினார்.

"வண்டிய அனுப்புனது யாருங்ண்ணா?"

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர்தான் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். பிரணேஷின் மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மேட்டுப்பாளையம் பாலத்தைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்துவிட்டார்களாம். பிரணேஷ் சந்தோஷத்தில் கத்தினான். வண்டி அம்சமாகப் போகிறதாம். முன்னால் ஒரு பஸ் உருட்டிக்கொண்டு போகிறது, அதை ஓவர்டேக் பண்ணிவிட்டுப் பேசுகிறேன் என்றான்.

நாச்சிமுத்துவின் நாக்கு நுனியில் ஒரு சின்னப் பொய் வந்து நின்றது. ஒரு போல்ட்டை முறுக்க மறந்துட்டேன், ஓரமா நிறுத்திப் பாருங்க தம்பி. சொன்னால் நிறுத்தினாலும் நிறுத்துவான். பஸ்ஸைத் தாண்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாலும் நினைப்பான்.

தாரணியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"தம்பி, பஸ்ஸத் தாண்டாதீங்க. உள்ள இருக்கறது பழைய ஸ்பிரிங். புதுசு வரல. உங்ககிட்டச் சொல்லாம மறைச்சுட்டேன். இப்ப மிதிச்சீங்கன்னா பஸ்ஸுக்குப் பக்கத்துலயே இன்ஜின் ஒடைஞ்சு நின்னுரும்."

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் ஏறியது. குழந்தை வீறிட்டு அழுதது. லைன் கட்டாகிவிட்டது.

திரும்பப் போட்டார். போகவில்லை. இன்னொரு தடவை போட்டார். போகவே இல்லை. தாரணி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி போனை எடுத்தார்.

போன் அடித்தது.

பிரணேஷின் மனைவிதான். ஓரமாக நிறுத்திவிட்டோம், இவர்தான் கத்திக்கொண்டிருக்கிறார் என்றாள். நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்து, அத்தனை பேர் போய்வரும் ரோட்டைப் பார்த்தபடி அழுதார்.

சாயங்காலம் சிவப்புக் கார் ஒரு ரெக்கவரி வண்டியின் முதுகில் வந்து இறங்கியது. பின்னாலேயே ஒரு டாக்ஸியில் பிரணேஷ் வந்தான். நிச்சயம் போச்சு, மானம் போச்சு என்று வாயில் வந்தபடி திட்டினான். அவன் ஓய்ந்ததும் நாச்சிமுத்து சட்டையை மாற்றிக்கொண்டு சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்தார். நமக்கு லாரியே போதும் அம்மிணி என்று முனகிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

பிரணேஷ் சாவியைத் தாரணியிடம் நீட்டினான்.

"நீங்களே பண்ணுங்க மேடம். இந்த ஆளு கை என் வண்டி மேல படக் கூடாது."

அவள் வாங்கவில்லை.

"வண்டிய வெளிய அனுப்பறதுக்கு இந்த ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க," என்றாள். "போன வண்டியத் திரும்பக் கூப்பிட்டவரு இவரு ஒருத்தர்தானுங்க. சாவிய அவருகிட்டக் குடுங்க."