ராஜா வைத்த குங்குமம்

மாங்கரைச் சீமையை ஆண்ட வீரசேகர பூபதிக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, மலைமேல் இருக்கும் அரண்மனையில் முங்கி முங்கிக் குளிக்க வேண்டும். இன்னொன்று, யார் எதைச் செய்து கொண்டுவந்தாலும் தன் கையாலேயே அதற்குக் குங்குமம் வைக்க வேண்டும். இரண்டாவது ஆசைதான் முதல் ஆசைக்கு எமனாக வந்தது. அந்தக் கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மலையடிவாரத்து ஆற்றங்கரையில் ஓர் இயந்திரம் இருந்தது. இப்போது நாம் பம்பு என்கிறோமே, அதற்குக் கொள்ளுத்தாத்தா. இரண்டு எருதுகள் சுற்றிவரும், இரும்புத் தண்டு ஏறி இறங்கும், தண்ணீர் குழாய் வழியாக மலையேறி அரண்மனைத் தொட்டியில் விழும். செய்தவர் தவசி ஆசாரி. பேச்சு குறைவு, வேலை சுத்தம். அது ஓட ஆரம்பித்த அன்று ராஜா குங்குமத்தோடு கிட்டே போனார். எங்கே பார்த்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு. "சீச்சீ!" என்று கையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஆசாரி அதற்கெல்லாம் வருத்தப்படவில்லை. இயந்திரமும் வருத்தப்படாமல் ஓடியது.

நன்றாக ஓடுவதைப் பார்த்தால் சிலருக்குக் கை சும்மா இருக்காதே! பிரதானி வீரபாகு ஒரு வழக்கத்தைக் கிளப்பிவிட்டார். ராஜாவின் பிறந்தநாள் தோறும் ஒரு பெரிய மனிதர் இயந்திரத்துக்கு ஓர் 'அபிவிருத்தி' செய்து சமர்ப்பிக்க வேண்டுமாம். முதல் வருஷம் பிரதானியே தண்டின் தலையில் ஓர் இரும்பு மயிலை உட்கார வைத்தார். தண்டு ஏறும்போதெல்லாம் அது தோகை விரிக்கும். அடுத்த வருஷம் சேனாபதி நாற்பது வெண்கல மணிகளைக் கட்டினார். அதற்கடுத்த வருஷம் ராணியின் தம்பி குழாயின் வாயில் தங்கச் சல்லடை போட்டார். அதில் ஓட்டை கடுகளவுதான். எல்லாவற்றுக்கும் ராஜா ஆசை ஆசையாகக் குங்குமம் வைத்தார். ராஜா கையால் குங்குமம் பட்ட பொருளை இடம்விட்டு அசைத்தால் ராஜத்துரோகம். இது அந்தச் சீமைச் சட்டம்.

மயில் ஆடியது, மணி அடித்தது. தண்ணீர்தான் வரவில்லை.

"சம்பந்தி வீட்டார் நாலு நாளில் வருகிறார்கள்! கை கழுவக்கூடத் தண்ணீர் இல்லை!" என்று சபையில் குதித்தார் ராஜா.

"எல்லாம் ஆசாரியின் அஜாக்கிரதை, பிரபு," என்றார் பிரதானி. "நாங்கள் இவ்வளவு மேம்படுத்தியும் ஓடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!"

"ஆசாரி! நாலு நாளில் தொட்டி நிரம்ப வேண்டும். இல்லையென்றால் உனக்கு மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, எல்லை தாண்டித் துரத்திவிடுவேன்!"

"அந்த மயிலை மட்டும் இறக்கிவிட்டால்..." என்று இழுத்தார் ஆசாரி.

"நான் குங்குமம் வைத்த ஒன்றையாவது அசைத்தாயோ, தலையே போய்விடும்!"

ஆசாரிக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷமாக அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவர், ஊருக்கும் தண்ணீர் கொடுத்தவர். இந்த வயதில் கழுதைச் சவாரியா?  சபையிலிருந்த விதூஷகர் திருமேனி வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு எழுந்தார்.

"பிரபு, ஒரே ஒரு சந்தேகம். குங்குமம் பட்டதை அசைக்கக் கூடாது. அவ்வளவுதானே உத்தரவு?"

"அவ்வளவுதான்!"

"போதும். ஓய் ஆசாரி, எழுந்து வாரும், வேலை கிடக்கிறது."

நாலாம் நாள் சம்பந்தி ராஜா வந்தார். மலைமேல் தொட்டி தளும்பி வழிந்தது. ராணி தலைக்குக் குளித்தாள். சம்பந்தி இரண்டு தடவை குளித்தார். பூபதிக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கள் இயந்திரத்தைப் பார்க்க வேண்டாமா?" என்று எல்லோரையும் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஒரு கிழட்டு எருது சாவகாசமாகச் சுற்றிவந்தது. மயில் தோகை விரித்தது. நாற்பது மணியும் காதைக் கிழித்தன.

"ஆகா, என்ன வேலைப்பாடு!" என்றார் சம்பந்தி.

"எல்லாம் எங்கள் அபிவிருத்தி," என்று நெஞ்சை நிமிர்த்தினார் பிரதானி. இன்னும் கொஞ்சம் பெருமையடிக்கலாம் என்று மயிலுக்குக் கீழே தொங்கிய பட்டுத் திரையை விலக்கினார். "இதோ பாருங்கள், இதுதான்..."

உள்ளே ஒன்றுமே இல்லை! நாலு மூங்கில் கால்மேல் மயில் நின்றது. கயிற்றில் மணிகள் தொங்கின. எருது இழுத்தது அந்தக் கயிற்றைத்தான்; அதன் நுனி மயிலின் தோகையில் கட்டியிருந்தது. பழைய குழாய், வாயில் தங்கச் சல்லடையோடு, மண்ணில் சும்மா கிடந்தது.

"மோசடி! இயந்திரம் எங்கே?" என்று அலறினார் பிரதானி.

"நூறு அடி தள்ளி, அந்தக் கீற்றுக் கொட்டகைக்குள்ளே," என்றார் திருமேனி. "அங்கே புதுக் குழாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது."

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "திருமேனி! ஒன்றையும் அசைக்காதே என்றேனா இல்லையா?"

"அசைக்கவில்லையே, பிரபு! குங்குமம் பட்டதெல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கிறது. எண்ணிப் பாருங்கள். தாங்கள் குங்குமம் வைக்காத பொருள் இங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது, இயந்திரம். அதை மட்டும்தான் கழற்றினோம்."

சம்பந்திதான் முதலில் சிரித்தார். பூபதி பிரதானியைப் பார்த்தார், மயிலைப் பார்த்தார், பிறகு அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சபாஷ்! அந்த இயந்திரத்துக்கு இப்போதே குங்குமம் வைக்கிறேன்!" என்று சிமிழை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார்.

தவசி ஆசாரி ஓடிவந்து காலில் விழுந்தார். "சாமி, அது நல்லா ஓடுது. விட்டுடுங்க!"

ராஜா குங்குமம் எடுத்த விரலோடு அப்படியே நின்றார். "எடுத்துவிட்டேனே, இதை எங்கே வைப்பது?"

"ஆசாரி நெற்றியில் வையுங்கள், பிரபு," என்றார் திருமேனி. "அதற்கப்புறம் அவரை இந்த ஊரைவிட்டு யார் அசைக்கிறார்கள், பார்ப்போம்!"